எலுமிச்சை அத்தானின் பஸ் முறை

என் அக்காவின் கணவருக்குப் பஸ் ஆகவே ஆகாது. பெண் பார்க்க வந்த அன்றே பஸ்ஸை விட்டு இறங்கி, வாங்க வாங்க என்று கை நீட்டிய எங்கள் அப்பாவின் காலடியில் வாந்தி எடுத்த மகானுபாவர். அதற்குப் பிறகு எங்கே கிளம்பினாலும் மூக்கடியில் ஒரு எலுமிச்சம்பழம் இருக்கும். ஊரே அவரை எலுமிச்சை என்றுதான் கூப்பிடும். எனக்கு அத்தான். நானும் அதே ஊரில் அடுத்த தெருவில் வாழ்க்கைப்பட்டிருப்பதால் அவரைக் கேலி பண்ணும் முதல் உரிமை எனக்குத்தான்.

ரோடு எங்கள் ஊரோடு முடிகிறது. தண்ணீர்த் தொட்டியை ஒரு சுற்றுச் சுற்றி பஸ் திரும்பிவிடும். அதற்கு அப்பால் வெங்காயமும் மிளகாயும்தான். அத்தானுக்கு ரோட்டை ஒட்டியே வெங்காய வயல். மனிதர் வயலை விட்டால் வீடு, வீட்டை விட்டால் வயல். பத்து வார்த்தை சேர்ந்தாற்போலப் பேசினால் அன்று மழை வரும் என்பேன்.

அக்காவுக்குச் சிறுநீரகம் கெட்டுப்போனது. வாரத்தில் இரண்டு நாள் டவுன் ஆஸ்பத்திரியில் ரத்தம் சுத்தம் பண்ண வேண்டும். காலை பஸ்ஸில் போய் மாலை பஸ்ஸில் திரும்புவாள், அத்தான் துணைக்கு. மோட்டார் சைக்கிளில் கூட்டிப் போகலாம் என்று யாரும் யோசனை சொல்லாதீர்கள். ஒரு தடவை திரும்பி வரும்போது தலைசுற்றி விழுந்து, முழங்கை பெயர்ந்து வந்தாள். வாரம் தவறாமல் கார் வைக்க நாங்கள் என்ன மகாராஜா வீட்டுப் பிள்ளைகளா?

பஸ்ஸில் ஜன்னல் ஓரம் அத்தானுக்குத்தான் வேண்டும். ஆனால் அங்கே அக்கா உட்காருவாள். நடந்து வயலுக்குப் போக அவளுக்கு இப்போது தெம்பில்லை. ஜன்னல் வழியாகத்தான் தன் வெங்காயத்தைப் பார்க்கிறாள். அவள் பார்க்க வேண்டுமே என்று இவர் உள்பக்கம் உட்கார்ந்து, கண்ணை இறுக மூடிக்கொண்டு எலுமிச்சையை மோந்துகொண்டிருப்பார். பார்க்கச் சிரிப்பாக வரும். அப்புறம் சிரிக்க மனசு வராது.

ஒருநாள் டிரைவர் அண்ணன் அத்தானைத் தனியாகக் கூப்பிட்டார். "ஊர்ல எல்லாரும் வண்டி வாங்கிட்டீங்க. உங்க ரெண்டு பேருக்காக இவ்வளவு பெரிய பஸ்ஸு ஓட்டுறோம். ஆள் ஏறலன்னா நிறுத்திடலாம்னு ஆபீஸ்ல பேச்சு அடிபடுது. யாராவது பார்க்க வருவாங்க. எப்பன்னு தெரியாது."

பஸ் நின்றால் அக்கா டவுனில் ரூம் எடுத்துத் தங்க வேண்டியதுதான். வயலை விட்டு அத்தான் போக முடியாது. அவள் அங்கே, இவர் இங்கே. அன்று என் வீட்டு வாசலில் வந்து நின்று, "அவள அங்க விட்டுட்டு நான் இங்க யாருக்குச் சமைச்சுப் போட?" என்றார். எனக்குச் சுருக்கென்றது. ஆமாம், சமையல் அவர்தான்.

எங்கள் ஊரில் வாய்க்கால் தண்ணீருக்கு முறை உண்டு. இன்றைக்கு உன் வயல், நாளைக்கு என் வயல். வாய்க்கால் தொடங்கும் தலைமடையில் நின்று பேசி முடித்துக்கொள்வோம். அத்தான் அங்கேதான் போனார்.

"தண்ணிக்கு முறை வச்சிருக்கோம்ல? அதே மாதிரி பஸ்ஸுக்கும் வைப்போம். முறைக்காரங்க வீட்ல ஒருத்தர் ஏறணும். அவ்வளவுதான்" என்றார். வாழ்நாளில் அவர் பேசிய மிக நீளமான பேச்சு அது.

முதலில் எல்லோரும் சிரித்தார்கள். சிரித்து முடித்ததும் மிளகாய்க்காரப் பெரியம்மா, "நாளைக்கு எங்க முறை" என்றாள். அவ்வளவுதான், முடிந்தது பேச்சு.

அக்கா காதில் மட்டும் இது விழக்கூடாது என்று அத்தான் எல்லோரிடமும் கெஞ்சினார். பிறருக்குப் பாரமாக இருப்பதென்றால் அவளுக்கு உயிரே போய்விடும். தெரிந்தால் மறுநாளே பெட்டியைக் கட்டிக்கொண்டு டவுனுக்குக் கிளம்பிவிடுவாள். எங்கே போகிறீர்கள் என்று யாராவது கேட்டால் என்ன சொல்வது? அத்தானுக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை. யோசித்து யோசித்து, "மண்வெட்டிக்குப் பிடி வாங்கப் போறோம்னு சொல்லுங்க" என்றார்.

முறை நன்றாகவே ஓடியது. தண்ணீருக்குப் போடும் அத்தனை சண்டையும் இதற்கும் வந்தது. "போன வாரம் உனக்குப் பதிலா நான் ஏறினேனே, மறந்துபோச்சா?" என்று தெருவில் மல்லுக்கு நின்றார்கள். யாராவது வராமல் போனால் அத்தானே ஏறுவார், அக்காவுக்கு ஆஸ்பத்திரி இல்லாத நாளிலும். டவுனில் இறங்கி வாந்தி எடுத்துவிட்டு, திரும்பி வந்து களை பிடுங்குவார். "நமக்கு என்ன தலையெழுத்தா அத்தான்?" என்று கேட்டால், சட்டைப் பையிலிருந்து பழத்தை எடுத்து மோப்பார்.

அக்கா மட்டும் அப்பாவியாக, "இப்பல்லாம் பஸ்ஸு நல்லா கலகலன்னு இருக்குடி. ஊரு முன்னேறிடுச்சு" என்பாள். நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

அறுவடை நெருங்கிய சமயம். அன்று அக்காவுக்கு ஆஸ்பத்திரி நாள். அத்தானுக்குத் தண்ணீர் முறையும் அன்றுதான். வெங்காயத்துக்குக் கடைசித் தண்ணீர். பஸ் வருவதற்குள் பாய்ச்சி முடித்துவிடலாம் என்று மடையைத் திறந்துவிட்டு நிற்கிறார், கண்டக்டர் தம்பியிடமிருந்து போன். "அண்ணே, ஆபீசர் வண்டியில இருக்கார். ஆள் ஏத்துங்க!"

அத்தான் தெருவில் ஓடியதை நான் பார்த்தேன். தண்ணீர் அளக்க அதிகாரி வந்தால் எங்கள் ஊரில் எல்லா மடையையும் ஒரே நேரத்தில் திறந்து காட்டுவோம், தேவை அதிகம் என்று தெரியட்டும் என்று. அதே புத்திதான் இப்போதும். முறைக்காரர் மட்டும் ஏறியிருந்தால் போதும். ஊரே ஏறியது. மிளகாய்க்காரப் பெரியம்மா, பால்காரர், தையல்காரி, கைக்குழந்தையோடு என் நாத்தனார், நான். அக்கா முன்னமே ஏறி ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தாள். படிக்கட்டில் ஆள் தொங்கியது. ஊரில் மிச்சம் இருந்தது கோழிகள்தான்.

கண்ணாடி போட்ட அதிகாரி கூட்டத்தில் நசுங்கிக்கொண்டே கேட்டார். "எங்கம்மா போறீங்க?"

"மண்வெட்டிக்குப் பிடி வாங்க."

"நீங்க?"

"மண்வெட்டிப் பிடி சார்."

தையல்காரியும் மண்வெட்டிப் பிடி என்றாள். என்னிடம் வந்தபோது எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. கடைசியில் அத்தான். வயலிலிருந்து அப்படியே ஓடி வந்தவர், ஒரு கையில் எலுமிச்சை, இன்னொரு கையில் நல்ல பிடி போட்ட மண்வெட்டி. வண்டி கிளம்பும் முன்பே முகம் வெளிறிக் குமட்டிக்கொண்டு நின்றார்.

"நீங்களும் பிடி வாங்கத்தானா?"

அத்தான் மண்வெட்டியைப் பார்த்தார். "ஆமா சார்."

"பஸ்ஸே ஒத்துக்கல போலிருக்கே. எதுக்குய்யா ஏறினீங்க?"

பொய் அதற்கு மேல் கைவசம் இல்லை. "அவ போறா சார்" என்றார், அக்காவைக் காட்டி. "ஆஸ்பத்திரிக்கு. பஸ்ஸு நின்னா அவ டவுனோடயே போயிடுவா."

அக்கா ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். பெரியம்மா தலையைக் குனிந்துகொண்டாள். "இத்தனை நாளும்... எனக்காகவா?" என்றாள் அக்கா. எனக்கு அழுகை வந்துவிட்டது, வெட்கமில்லாமல் அழுதேன்.

அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இந்த பஸ்ஸ நிறுத்தினா இத்தனை பேரும் மண்வெட்டியோட என் வீட்டு வாசல்ல வந்து நிப்பீங்க போல. எனக்கு எதுக்குய்யா வம்பு? ஓடட்டும். வண்டிய எடுப்பா" என்றார்.

ஒரே கூச்சல். அந்தக் கூச்சலில் அக்கா எழுந்து, அத்தானின் சட்டையைப் பிடித்து இழுத்து ஜன்னல் ஓரம் உட்கார வைத்தாள். தான் உள்பக்கம் உட்கார்ந்து, எலுமிச்சையை வாங்கி அவர் மூக்கடியில் பிடித்தாள்.

பஸ் திரும்பியது. அத்தான் முதல் தடவையாக ஜன்னல் வழியே வெளியே பார்த்தார். பார்த்தவர் பதறிப் போனார். வெங்காய வயல் குளமாகக் கிடந்தது. திறந்த மடையை மூடாமல் ஓடி வந்திருக்கிறார், போய் மூட ஊரில் ஒரு ஆளும் இல்லை. தண்ணீர் தேங்கி நின்றால் வெங்காயம் அழுகிவிடும்.

"டிரைவர், நிறுத்துங்க!" என்று பாதி எழுந்தார்.

அக்காவும் வயலைப் பார்த்தாள். பிறகு அவர் கையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

"வெங்காயம் போனா போகுது. நீங்க என் கூட வாங்க."