இடது முன்னங்கால்

பினாங்கு துறைமுகத்தில் நான் கணக்கெழுதும் கிராணியாக இருந்தபோது, வாசலில் நிற்கும் குதிரைவண்டிக்காரர் ஒருவரைத் தினமும் பார்ப்பேன். ஒடிசலான உடம்பு, தலையில் எப்போதும் ஈரத் துண்டு. பெயரைக் கேட்டுக்கொண்டதில்லை. அவருடைய குதிரை நொண்ட ஆரம்பித்து ஒரு மாதமாகியிருந்தது. லாடம் அடிப்பவர் ஆணி பட்டிருக்கும் என்றார். இன்னொருவர் குளம்புக்குள் சீழ் என்றார். இவர் மத்தியானம் சவாரி இல்லாத நேரத்தில் குனிந்து, அதன் இடது முன்னங்காலைத் தூக்கி முழங்கால்களுக்கிடையில் பிடித்து, உப்பு வெந்நீர் ஒத்தடம் கொடுப்பார். குதிரை அவர்மேல் பாரமாகச் சாய்ந்துகொள்ளும்.

ஒருநாள் வெந்நீர்ச் சட்டி ஆறிக் கிடக்க, சும்மா உட்கார்ந்திருந்தார்.

"கால் தேவலையாண்ணே?" என்றேன்.

"அது நல்ல காலு தம்பி. எடது கால ஊனறப்போ தல தாழுது, அதான் அந்தக் காலுன்னு நெனச்சிட்டேன். ரேஸ் குதிர பாத்துக்கிறவரு இன்னிக்கு வந்து பாத்தாரு. நோவுற கால ஊனறப்போ தலையத் தூக்குமாம். நோவு வலது கால்லதான்லா. என்ன நோவுன்னு அவருக்கும் தெரியல."

சட்டியில் ஆறிக் கிடந்த தண்ணீரைத் தரையில் கொட்டினார்.

"ஒரு மாசமா நல்ல காலத் தூக்கிப் பிடிச்சிக்கிட்டு, நோவுற கால்லயே நிக்க வச்சிருக்கேன். மேல சாயறப்பல்லாம் பாசம்னு நெனச்சேன்."

எழுந்து வலப்பக்கம் போய்க் குனிந்தார். குதிரை வழக்கம்போல் இடது காலைத் தூக்கிக் கொடுத்தது.

குனிந்தவர் நிமிரவில்லை. அவர் நிமிரும்வரை அங்கே நிற்க எனக்குத் தெம்பில்லை.