இரண்டு வாரக் குழாய்

டாக்டர் ‘டெம்பரரி’ என்றதும், இது என்னோடு சுடுகாடு வரை வரப்போகிறது என்று நம்பிவிட்டேன். என்னைக் குறை சொல்லாதீர்கள். நான் சென்ட்ரல் கவர்ன்மென்ட் குமாஸ்தா. டெம்பரரியாகச் சேர்ந்து பதினோரு வருஷம் டெம்பரரியாகவே இருந்தவன். எங்கள் ஆபீஸ் நடந்ததே யுத்த காலத்தில் டெம்பரரியாகப் போட்ட கொட்டகையில்தான். யுத்தம் முடிந்து நாற்பது வருஷம் ஆகியும் கொட்டகைக்குத் தகவல் போய்ச் சேரவில்லை.

சிறுநீரகத்திலிருந்து கிளம்பிய கல் ஒன்று பாதி வழியில் உட்கார்ந்துகொண்டது. மேலே சிறுநீர் தேங்கி, காய்ச்சல் தூக்கிப்போட்டது. வயிற்றைக் கிழிக்காமல், சிறுநீர் வரும் வழியாகவே கருவியை விட்டுக் கல்லை எடுக்கும் முறை அப்போதுதான் டில்லிக்கு வந்திருந்தது. அதற்கு முன்னால் தேங்கியது வடிய, உள்ளே மெல்லிய குழாய் ஒன்றை வைத்தார்கள்.

“தோ ஹஃப்தே, பாபுஜி, ரெண்டே வாரம்” என்றார் டாக்டர். “அப்புறம் கல்லும் வெளியே, குழாயும் வெளியே. ஆனால் மறந்துடாதீங்க. மாசக்கணக்கில் விட்டால் குழாய் மேலேயே கல் படியும்.”

“எழுத்தில் கொடுப்பீர்களா?” என்று கேட்டேன். ஜோக் என்று நினைத்துச் சிரித்தார்.

குனிந்தால் இடுப்பில் சுருக்கென்றது. அரை மணிக்கொரு தரம் ஓட்டம். தும்மல் வந்தால்கூடக் குழாய் எந்தப் பக்கமாக வெளியேறுமோ என்று மூக்கைப் பிடித்துக்கொண்டேன். மூன்றாம் நாள், ‘இடது சிறுநீரகத்தில் வைத்த குழாயை அகற்றக் கோருதல்’ என்று மூன்று பிரதி டைப் அடித்து, ஆஸ்பத்திரி குமாஸ்தாவிடம் நேரில் கொடுத்தேன். அவர் முத்திரை குத்தி நம்பர் போட்டார். அப்போதுதான் நிஜமாகவே நடுங்கினேன். நம்பர் விழுந்த காகிதத்தின் கதி எனக்குத் தெரியாதா?

“அதான் வியாழக்கிழமை காலைல எட்டு மணின்னு பக்காவா தேதி குடுத்துட்டாங்கல்ல?” என்றாள் மனைவி.

“தேதி நானும்தான் குடுக்கிறேன், ஆபீஸ்ல தினம் நாலு பேருக்கு.”

வியாழக்கிழமை வந்தது. ஆபரேஷனைத் தள்ளிப் போட்டுவிட்டார்கள் என்று மனைவியிடம் புளுகிவிட்டு, டிபன் டப்பாவோடு கோல் மார்க்கெட்டில் ஆபீசுக்குப் பஸ் ஏறினேன். குழாய் வெளியே வராது என்று பயந்தவன், இப்போது கருவி உள்ளே போகும் என்று பயந்தேன். பத்து மணிக்கு ஆபீஸ் போன் அடித்தது. எடுத்தேன். ஆஸ்பத்திரி குமாஸ்தா.

“எல்லாரும் காத்திருக்காங்க. உங்க ஆபீஸ் பாபுஜி, அந்தக் குழாய்க்காரர், எங்கே?”

“சாஹிப் சீட்டில் இல்லை” என்று குரலை மாற்றிச் சொல்லி வைத்துவிட்டேன். இருபது வருஷப் பழக்கம், நாக்கு தானாகச் சொன்னது.

எதிரே இருந்த பஞ்சாபி செக்‌ஷன் ஆபீசர் நிமிர்ந்தார். “அரே பாய், சீட்டில் இல்லாத ஆள் சமோசா மட்டும் தின்னுட்டிருக்காரே!” சாயங்காலம் விஷயத்தை என்னிடமிருந்து கறந்து, ஸ்கூட்டரில் என்னை வீட்டில் கொண்டுவந்து இறக்கி, மனைவியிடம் முழுக் கதையையும் ஒப்படைத்துவிட்டுத்தான் போனார்.

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். “அவங்க எடுக்க மாட்டாங்கன்னு ரெண்டு வாரமா புலம்பினீங்களே. இப்ப எடுக்க விடாம ஓடுறது யாரு?”

பாத்ரூமுக்கு ஓட வேண்டியிருந்தது.

திங்கட்கிழமை அவளே அழைத்துப் போனாள். கல்லை எடுத்தார்கள். குழாயையும் எடுத்தார்கள். ஆஸ்பத்திரி சொன்ன தேதியில் தயாராக இருந்தது. நாலு நாள் தாமதம் என்னுடையது.