சுடாத கை

மேசையின் மேல் நான்கு துணிகள் மடித்து வைக்கப்பட்டிருந்தன. கோணிச் சாக்கு, கம்பளி, பழைய ஜீன்ஸ், மெஷின் துடைக்கிற பனியன் துணி. வல்லம் வடகாலில் ரப்பர் உதிரிபாகங்களை ஓவனில் வேகவைக்கும் கம்பெனி அது. எனக்கு முதல் வருடம். கையுறைகள் கிழிந்துவிட்டன, புதியவை வர நாளாகும் என்றார்கள். அதுவரை எந்தத் துணி சூட்டைத் தடுக்கும் என்று பார்க்க எங்கள் சூப்பர்வைசர் ஒரு சோதனை வைத்தார். துணியைக் கையில் சுற்றிக்கொண்டு, ஓவனிலிருந்து எடுத்த தட்டை அவர் இருபது எண்ணும்வரை பிடித்திருக்க வேண்டும்.

கம்பளியில் எல்லோரும் இருபதைத் தாண்டினோம். சாக்கும் ஜீன்ஸும் பாதி வரை தாங்கின. பனியன் துணியில் ஐந்து எண்ணுவதற்குள் ஒவ்வொருத்தியாகத் தட்டைப் போட்டுவிட்டோம். கடைசியாக வந்தவர், சுங்குவார்சத்திரத்தில் என்னோடு ஒரே அறையில் இருந்த அக்கா. அவர் இருபதையும் தாண்டி நின்றார்.

“இன்னாம்மா, சுடலயா?”

“ஒண்ணும் தெர்ல சார்.”

சூப்பர்வைசர் எங்களைப் பார்த்துச் சிரித்தார். “அவங்களுது கை, உங்களுது பூவா? ஸ்டோர்ல பனியன் துணி மலையா கீது. இதுவே போதும்.”

அக்காவுக்குச் சர்க்கரை நோய். விரல்களில் உணர்வே கிடையாது. டீக்கடையில் கொதிக்கிற டம்ளரை அவர் வெறுங்கையால் தூக்கியதை நான் பார்த்திருக்கிறேன். “வெளிய சொல்லிடாதடி, மெடிக்கல் செக்கப் வச்சு வேலைய வுட்டுத் தூக்கிடுவாங்க” என்று என்னிடம் கெஞ்சியும் இருக்கிறார். அவருக்காகத்தான் வாயை மூடிக்கொண்டேன் என்று பல வருடங்கள் என்னையே நம்பவைத்தேன். உண்மை வேறு. அந்த வாரம்தான் என்னை ஓவனிலிருந்து செக்கிங் மேசைக்கு மாற்றியிருந்தார்கள். இனி அந்தத் துணியைச் சுற்றப்போவது என் கை இல்லை.

மறுநாளிலிருந்து அந்தத் துணியோடு ஓவனில் நின்ற மற்றவர்கள் சுட்டதும் கையை உதறிக்கொண்டார்கள். அக்கா உதறவில்லை. மூன்றாம் நாள் ஷிப்ட் முடிந்து துணியை அவிழ்த்தபோது தோலும் சேர்ந்து வந்தது. அவர் அதைக் கவனிக்காமல், பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று பேசிக்கொண்டே இருந்தார். நான்தான் கத்தினேன்.

புண் ஆறவில்லை, இரண்டு விரல்களை எடுத்தார்கள். நோயை மறைத்தது தன் தவறுதான் என்று அவரிடம் எழுதி வாங்கிக்கொண்டு கம்பெனி அனுப்பிவிட்டது. “உனக்குத் தெரியுமா?” என்று சூப்பர்வைசர் கேட்டார். “தெரியாது சார்” என்றேன். அறையைக் காலி செய்த அன்று, கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு அக்கா சொன்னார்: “நல்லவேள, தெரியாதுன்னு சொன்ன. இல்லாங்காட்டி உன்னையும் அனுப்பிச்சிருப்பானுங்க.” அவர் திட்டியிருந்தால் பிழைத்திருப்பேன்.

இப்போது வேறொரு கம்பெனியில் நானே சூப்பர்வைசர். நல்ல கையுறைகள் உண்டு. ஆனாலும் புதிதாக வருகிறவர்களைக் கண்ணை மூடச் சொல்லி, உள்ளங்கையை ஒரு நூலால் தொட்டுப் பார்த்த பிறகுதான் லைனுக்கு அனுப்புவேன். போன மாதம் ஒரு பெண் கண்ணை இறுக மூடிக்கொண்டு, “தொட்டுட்டீங்க மேடம்” என்றாள். நூல் இன்னும் என் கையில்தான் இருந்தது, அவளைத் தொடவே இல்லை.

“பெருக்குற வேலையாவது குடுங்க மேடம்” என்று அழுதாள். பெருக்குகிற வேலை காலியாகத்தான் இருந்தது. அப்படி ஒரு கையைத் தினமும் பார்க்க என்னால் முடியாது. கேட் வரை நானே கூட்டிப்போய் விட்டுவிட்டு வந்தேன்.