சட்டைக்குள்ளே சிக்கு

நாய்க்கு முடி சீவி விடுவதெல்லாம் ஒரு தொழிலா என்று கேட்பவர்கள், ஒரே ஒரு ஷிட்சூ நாயைப் பதினைந்து நாள் சட்டை போட்டு வளர்த்துப் பார்த்துவிட்டு அப்புறம் வந்து கேட்கட்டும். தரை வரைக்கும் முடி தொங்குகிற குட்டி நாய். அதன் மேல் இறுக்கிப் பிடித்தாற்போல ஒரு சட்டை. நாய் நடக்க நடக்கத் துணி முடியைத் தேய்க்கும். தேய்ந்த முடி ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். இரண்டு நாள் விட்டால் சிக்கு, பத்து நாள் விட்டால் சடை. அக்குள், நெஞ்சு, கழுத்துப் பட்டி இருக்கும் இடம், காதுக்குப் பின்புறம் என்று சிக்கு விழும் இடங்கள் எனக்குத் தேனி பஸ் ஸ்டாப்புகளைவிட நன்றாகத் தெரியும்.

வீட்டில் இப்படி ஒன்றை வளர்த்துவிட்டு, சீப்பும் கையுமாக உட்கார்ந்திருக்கும் பாவப்பட்ட ஜனங்களே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்கள் சிரித்துவிட்டுப் போகலாம், எனக்கு வருத்தமில்லை.

கண்ணாடி கேட்காத கஸ்டமர்

என் பெயர் எஸ்தர். எட்டு வருசம் தேனியில் மணப்பெண் அலங்காரம் செய்தவள். அந்தத் தொழிலில் என்ன கஷ்டம் என்றால், வேலை முடிந்ததும் கண்ணாடி காட்ட வேண்டும். காட்டினால் பெண்ணுக்குப் புருவம் பிடிக்காது. பெண்ணின் அத்தைக்கு இன்னும் கொஞ்சம் வெள்ளையாக வேண்டும். மாப்பிள்ளையின் அம்மாவுக்கு இவ்வளவு வெள்ளை எதற்கு என்று கோபம். முகூர்த்த நேரத்தில் மூன்று பேரும் மூன்று பக்கம் நின்றுகொண்டு என்னைப் பிய்த்து எடுப்பார்கள். போதுமடா சாமி என்று மதுரைக்குப் போய் நாய் அலங்காரம் கற்றுக்கொண்டு வந்து கடை போட்டேன். நாய் கண்ணாடி கேட்பதில்லை. அத்தையைக் கூட்டிக்கொண்டு வருவதில்லை.

கடை திறந்த முதல் வாரம் ஒரு மால்ட்டீஸ் குட்டியை மேசையில் நிறுத்தி, முடியைப் பிரித்துப் பிரித்து அடிவரைக்கும் சீவிக்கொண்டிருந்தேன். நான் முன்பு அலங்காரம் செய்த ஒரு பெண்ணின் அம்மா அந்த வழியாகப் போனவர், வாசலில் நின்று கால் மணி நேரம் பார்த்தார். நான் பெருமையாகத் தலையை நிமிர்த்தினேன். அவர் சொன்னது இதுதான்: “ஏம்மா, எம்மக கல்யாணத்துக்கு நீ இம்புட்டு நேரம் சீவலையே.”

தலைக்கு எண்ணெய்

வடுகபட்டியில் பூண்டு வியாபாரம் பார்க்கிற குடும்பம். அந்த வீட்டு அம்மாள் தன் லாசா நாய்க்குத் தினமும் ஒரு கவுன் போட்டு வைத்திருப்பார். “கவுன் போடுங்க, வேணாங்கல. ஆனா சாயங்காலம் கழட்டிட்டு அடிமுடி வரைக்கும் சீவிரணும்” என்று சொல்லி அனுப்பினேன். நான் சொன்னதை அவர் அட்சரம் பிசகாமல் செய்தார். என்ன, காய்ந்த முடியில் சீப்பு ஓடவில்லை. உடனே கொஞ்சம் தேங்காயெண்ணெய். அப்போதும் ஓடவில்லை. இன்னும் கொஞ்சம் தேங்காயெண்ணெய். அதன் மேல் கவுன்.

அடுத்த வாரம் நாயை ஒரு பெரிய பிளாஸ்டிக் பையில் கழுத்துவரை இறக்கிக் கொண்டுவந்தார், கார் சீட்டு பாழாகிவிடுமாம். நாலு தடவை ஷாம்பூ போட்டும் நுரை வரவில்லை. அந்த எண்ணெயில் வடுகபட்டித் தூசி பூராவும் ஒட்டி, பூண்டு வாசனையும் சேர்ந்து, நாயைத் தாளித்து இறக்கினாற்போல இருந்தது. எனக்கு வாய் நீளம். “நாய்க்கு யாராவது எண்ணெய் தேய்ப்பாகளா?” என்று கேட்டுவிட்டேன். அந்த அம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்துச் சொன்னார்: “தலைக்கு எண்ணெ வைக்காம பிள்ளைய வெளிய அனுப்புற பழக்கம் எங்க வீட்டுல இல்லம்மா.”

பளபளப்பு எந்தப் பக்கம்

என் கடைக்குப் பக்கத்துக் கடை லேடீஸ் டெய்லர் முருகேசன். பிளவுஸ் தைத்து மிஞ்சிய துணியில் நாய்ச் சட்டை தைத்து, என் கடைக்கு வருகிறவர்களிடமே விற்கிறவன். அவன் தைத்துச் சிக்காக்குவான், நான் உட்கார்ந்து பிரிப்பேன். முதலில், பர்ரென்று பிரிக்கிற அந்த ஒட்டுப் பட்டையை வைத்துத் தைத்தான். அது சட்டையோடு ஒட்டியதைவிட நாய் முடியோடு ஒட்டியதுதான் அதிகம். சண்டை போட்டுப் பட்டனுக்கு மாற்றினேன். கை வேண்டாம், அக்குளில் தாராளமாக வெட்டு, உள்ளே வழுவழுப்பான சாட்டின் லைனிங் கொடு, முடி வழுக்கிக்கொண்டு போகும், சிக்கு விழாது என்று படம் வரைந்து காட்டினேன்.

பத்துச் சட்டை தைத்து ஆசையாகக் கொண்டுவந்தான். சாட்டின் வெளியே, சொரசொரப்பான காட்டன் உள்ளே. கேட்டால், “உள்ள யாருக்கா பாக்கப்போறா?” என்கிறான். நான் போட்ட சத்தத்தில் மேசையில் நின்ற நாய் உட்கார்ந்துவிட்டது. மறுநாள் பத்துச் சட்டையையும் அப்படியே உள்வெளியாகத் திருப்பி, தையலும் நூலும் வெளியே தெரியத் தொங்கவிட்டிருந்தான். ஒரு கஸ்டமர் இது என்ன கோலம் என்று கேட்டதற்கு, கண்ணைக்கூடச் சிமிட்டாமல் முருகேசன் சொன்னான்: “மெட்ராசுல இப்ப எல்லா நாயும் இப்படித்தாங்க போடுது.”

தினமும் ஒரு மணி நேரம்

போடியில் ஏலக்காய்க் கடை வைத்திருப்பவர் சவுந்தரபாண்டி அண்ணாச்சி. ஒரே மகள் மீனாவைப் பங்குனியில் கோயம்புத்தூரில் கட்டிக்கொடுத்தார். மீனா வளர்த்த ஷிட்சூவின் பெயர் பட்டு. மாமியார் வீட்டில் நாய் வளர்த்துப் பழக்கமில்லை என்பதால் பட்டுவை அப்பாவிடம் விட்டுவிட்டுப் போனாள். போகும்போது அவள் சொன்னது ஒன்றே ஒன்று: “அப்பா, தினமும் சீவுங்க. சிக்கு விழுந்தா மொட்டைதான் போடணும். நான் வர்றப்ப பட்டு இப்படியே இருக்கணும்.” கல்யாணத்துக்கு அப்புறம் முதல் தடவையாக, சித்திரையில் நடக்கிற வீரபாண்டித் திருவிழாவுக்கு அவள் வரப்போகிறாள். அதற்கு ஐந்து நாள் இருக்கும்போதுதான் அண்ணாச்சி, அவர் மனைவி பாக்கியம் அக்கா, பட்டு மூன்று பேரும் என் கடைக்கு வந்தார்கள். “மக வாராள்ல, குளிக்க வச்சு லேசா ஒரு அலங்காரம்” என்றார் அண்ணாச்சி.

சும்மா சொல்லக்கூடாது, தலைமுடியில் சீப்பு வைத்தால் தானாக வழுக்கிக்கொண்டு இறங்கியது. காது, வால், நாலு கால், எங்கேயும் ஒரு சிக்கு இல்லை. நான் அசந்துபோய்ப் பாராட்டிக்கொண்டே சட்டைப் பட்டன்களைக் கழற்றினேன். சட்டை வரவில்லை. உள்ளே நாயின் முடி முழுக்க ஒரே சடையாகப் பின்னி, சட்டையோடு சேர்ந்து, வாசலில் போடுகிற மிதியடியைப் போலக் கிடந்தது. சீப்பை வைத்தேன், செங்குத்தாக நின்றது. “அண்ணாச்சி, ஒன்றரை மாசமா இந்தச் சட்டையைக் கழட்டவே இல்லையா?” என்றேன். குளிக்க வைக்கப் பயந்து ஈரத்துணியால் துடைத்துவிட்டு, சட்டைக்கு வெளியே தெரிகிற முடியை மட்டும் சீவியிருக்கிறார் மனுசன். “கழட்டணும்னு மக சொல்லலையேம்மா” என்று கூரையைப் பார்த்தார். பாக்கியம் அக்கா என் பக்கம் திரும்பினார்: “தினமும் ஒரு மணி நேரம் ஒக்காந்து சீவுனாகம்மா. எந்தலைய இத்தன வருசத்துல ஒருநா சீவி விட்டிருப்பாகளான்னு கேளு.”

வெட்ட மாட்டேன் என்று சொன்னவள்

அக்காவின் பேச்சுக்கு நான் சிரித்துவிட்டேன். அண்ணாச்சி சிரிக்கவில்லை. “மொட்ட மட்டும் வேணாம்மா. அவ எங்கிட்ட கேட்டதே இது ஒண்ணுதான். இதக்கூடப் பாத்துக்க முடியலையான்னு கேட்டுட்டா நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு நிப்பேன்?” என்றார். சந்தையில் மூட்டைக் கணக்கில் ஏலக்காயை ஏலம் எடுக்கிற மனுசன், துண்டை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்குத்தான் வாய் நீளம் என்றேனே. “விடுங்கண்ணாச்சி, வெட்டாம எடுத்துத் தாரேன்” என்று சொல்லிவிட்டேன். யார் தலையில் அடித்துக்கொள்வது?

முதல் நாள் மூன்று மணி நேரம். சிக்கை இளக்குகிற மருந்தைத் தெளித்து, விரலால் நூல் நூலாகப் பிரித்து, நுனியிலிருந்து மேலே சீவிச் சீவிச் சட்டையை ஒருவழியாக விடுவித்தேன். அதற்கு மேல் ஓர் எலுமிச்சம்பழ அளவு சிக்குத்தான் பிரிந்தது. இரண்டாம் நாள் அக்குளுக்கு வந்தபோது பட்டு முனகியது. விலக்கிப் பார்த்தால் அடியில் தோல் செக்கச்செவேலென்று இருந்தது. சீப்பைக் கீழே வைத்துவிட்டேன். நான் வீராப்பாக ஒரு வார்த்தை சொன்னதற்காக இந்தச் சின்ன உயிர் ஏன் வலியைத் தாங்க வேண்டும்? அண்ணாச்சியை வரச் சொல்லி, தோலைக் காட்டினேன். பக்கத்தில் உட்கார்ந்தார். பட்டுவின் தலையைத் தடவிக்கொண்டே, “எடுத்துரும்மா” என்றார். வாசல்வரைக்கும் போனவர் திரும்பி வந்து, “சட்ட மறைக்கிற எடத்துல மட்டும் எடு. மிச்சத்த விட்டுரு” என்றார்.

மிஷினை ஓட்டினேன். சடை பிய்யாமல் கொள்ளாமல், இரண்டு காலுக்கு இரண்டு ஓட்டையோடு, முழு உருப்படியாகக் கழன்று வந்தது. பட்டுவுக்கு ராணி மாதிரித் தலை, புசுபுசுவென்று நாலு கால், நடுவில் தோலுரித்த கோழி மாதிரி உடம்பு. பாரம் இறங்கிய சந்தோசத்தில் அது கடையை மூன்று சுற்றுச் சுற்றி ஓடியது. பழைய சட்டை இப்போது அதற்கு நைட்டி மாதிரித் தொளதொளத்தது. பிடித்துத் தைக்க வந்த முருகேசன், நான் சொல்லாமலே சாட்டினை உள்பக்கமாக வைத்துத் தைத்தான். தைத்து முடித்துவிட்டு, மேசையில் கிடந்த சடையை எடுத்து விரித்து, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தவன் சொன்னான்: “தையலே இல்லாம அளவு இம்புட்டுக் கச்சிதமா எனக்கே வராதுக்கா.”

சித்திரை மாசத்துச் சளி

நாய் டாக்டரிடம் காட்டி, அவர் கொடுத்த மருந்தைத் தடவி, தோல் ஆறினதும் சட்டையைப் போட்டு அனுப்பினோம். மேலுக்குப் பார்த்தால் பழைய பட்டுவேதான். அண்ணாச்சியின் திட்டம் எளிமையானது. பட்டுவுக்குச் சளி, மகள் கிளம்புகிறவரைக்கும் சட்டையைக் கழற்றக் கூடாது. காக்காய்கூட வாயைப் பிளந்துகொண்டு நிற்கிற சித்திரை வெயிலில் நாய்க்குச் சளி. மீனா வீட்டுக்குள் வந்து, செருப்பைக் கழற்றின கையோடு பட்டுவின் சட்டையையும் கழற்றிவிட்டாளாம்.

மறுநாள் காலையில் கடை வாசலில் கார் வந்து நின்றது. மீனா பட்டுவைத் தூக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். பின்னால் பாக்கியம் அக்கா. அதற்கும் பின்னால், பரீட்சையில் பெயிலான பிள்ளை மாதிரி அண்ணாச்சி. “யாருக்கா இப்படிப் பண்ணுனது? அப்பா சீவவே இல்லைல?” என்றாள். எனக்குப் பயம்தான், ஆனாலும் வாய் சும்மா இருக்குமா? “சீவுனாக ஆத்தா. ஒருநா விடாமச் சீவுனாக. இந்தக் காதப் பாரு, வாலப் பாரு. சட்டைக்கு வெளிய ஒரு சிக்கு காட்டு, நான் கடையச் சாத்திட்டுப் போயிர்றேன்” என்றேன். அவள் காது முடியை விரலால் கோதிப் பார்த்தாள். கோபம் பாதி இறங்கியது தெரிந்தது. “அப்பறம் என்னப்பா? நாலு பட்டன். அதக் கழட்டிட்டுச் சீவுறதுக்கு என்ன?” என்று அப்பா பக்கம் திரும்பினாள்.

பாக்கியம் அக்கா என்னமோ சொல்ல வாயெடுத்தார், அண்ணாச்சியின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். எனக்கு அந்த முகத்தைப் பார்க்க முடியவில்லை. துடைத்து வைத்திருந்த சீப்பையே எடுத்துத் திரும்பவும் துடைத்தேன். அண்ணாச்சி மகளைப் பார்க்காமல், பட்டுவைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: “கார்ல ஏறுறதுக்கு முன்னாடி நீ போட்டு விட்டுட்டுப் போன சட்டைம்மா அது. எனக்குக் கழட்ட மனசு வரல.”

அன்றையிலிருந்து எந்த நாய் சிக்கோடு மேசைமேல் ஏறினாலும், உடம்பில் கை வைப்பதற்கு முன்னால் இந்தச் சட்டையைப் போட்டு விட்டது யார் என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டுதான் வளர்க்கிறவர்களை வையவே ஆரம்பிக்கிறேன்.