சித்தப்பாவைத் தூக்கியவர்கள்

மொன்றியலில் ஆஸ்திரேலியக் கால்பந்து விளையாடப்பட்ட சரித்திரத்தை யாராவது எழுதினால், முதல் பக்கத்தில் என் சித்தப்பா வரவேண்டும். யாரும் எழுதப்போவதில்லை என்பதால் துணிந்து சொல்கிறேன்.

அப்பாவைவிடப் பதினொரு வயது இளையவர் அவர்; ஊரில் அப்பாவின் தோளிலேயே வளர்ந்தவராம். ஊரிலிருந்து தப்பி மெல்போர்னுக்குப் போய், அங்கே பிஸ்கட் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்த காலத்தில் அந்த விளையாட்டு அவரைப் பிடித்துக்கொண்டது. மந்திரித்தும் இறங்கவில்லை. சித்தியைக் கல்யாணம் செய்து மொன்றியலுக்கு வந்தபோது, அவருடைய சூட்கேசில் பாதி இடத்தை முட்டை வடிவப் பந்து ஒன்று எடுத்துக்கொண்டிருந்தது. மற்றப் பாதியில் அதற்குக் காற்றடிக்கும் பம்பு.

செயின்ட்-மிஷேலில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்துப் பூங்காவில் ஓர் அணி முளைத்தது. அண்ணன் வழிப் பெறாமக்கள், மருமக்கள், அவருடன் சாப்பாட்டுக் கடையில் வேலை செய்த பெடியன்கள், கட்டையான ஹெயிட்டிக்காரர் ஒருவர். பனி அள்ளும் வண்டிக்கு அடையாளமாக வீட்டு வாசலில் நடுகிற செம்மஞ்சள் தடிகள்தான் கோல் கம்பங்கள். அணியின் பயிற்சியாளர் சித்தப்பா. முக்கிய ஆட்டக்காரரும் அவரே. அந்த விளையாட்டின் ஆதிகாலத்தில் அப்படித்தானாம். ஒரே ஆள் ஓடவும் வேண்டும், ஓடாதவர்களைத் திட்டவும் வேண்டும். சித்தப்பா இரண்டையும் நேர்மையாகச் செய்தார். இடைவேளையில், "அந்தக் கிழவன் பந்தை விட்டிட்டு வானத்தைப் பாத்துக்கொண்டு நிக்கிறான்" என்று தன்னையே திட்டுவார். ஒருமுறை பயிற்சிக்குப் பிந்தி வந்ததற்காகத் தன்னை அணியிலிருந்து நீக்கினார். அன்று முழுவதும் மூஞ்சியை நீட்டிக்கொண்டு கரையில் உட்கார்ந்திருந்தார். பயிற்சியாளரோடு பேச்சுவார்த்தை கிடையாது.

எனக்கு அப்போது பதின்மூன்று வயது. ஆள் போதாத குறைக்கு என்னையும் சேர்த்துக்கொண்டார்கள். வகுப்பில் நான்தான் உயரம். கைகால்களை எங்கே வைப்பதென்று தெரியாத உயரம். அதைப் பார்த்துப் பெருமூச்சு விடாதவர் எங்கள் குடும்பத்தில் சித்தப்பா ஒருவர்தான். பந்து மேலே கிளம்பினால், "நெட்டைச்சி, உன்ரை பந்து!" என்று கத்துவார். அந்த ஒரு கூப்பாட்டுக்காக என் முழங்கால்கள் இரண்டையும் அந்தப் பூங்காவுக்கு எழுதிக் கொடுத்திருந்தேன்.

பிறகு லாசாலில் இருந்து மாமியின் மகன், என் மச்சான், வந்து சேர்ந்தான். அவன் உதைத்த பந்து அவன் நினைத்த இடத்துக்கே போனது. சித்தப்பா தன் மெல்போர்ன் சட்டையை அவனுக்குக் கொடுத்தார். என்னை அதைக் கொடியில் காயப்போடக்கூட விட்டதில்லை. அவனுடைய சுருட்டை முடி, அவனுடைய பிரெஞ்சு, மீன் ரோல்ஸைப் பிய்த்து முதலில் உள்ளே இருப்பதைத் தின்னும் விதம், எதைக் கண்டாலும் எனக்குப் பற்றி எரிந்தது. போட்டியன்று அவனுக்குத் தும்மலோடு தடிமன் வரவேண்டும் என்று பிள்ளையாரிடம் கேட்டேன். பிள்ளையார் முகவரியை மாற்றிவிட்டார். எனக்கு வந்தது.

அந்த இலையுதிர்காலத்தில் சித்தப்பாவின் முழங்கால் ராஜினாமாக் கடிதம் கொடுத்தது. பல்கலைக்கழகத்தில் படிக்கும் ஆஸ்திரேலியப் பெடியன்களோடு கடைசி ஆட்டம். கடைசி ஆட்டம் ஆடியவனை இரண்டு பேர் தோளில் இருத்தி மைதானத்திலிருந்து தூக்கி வருவது அங்கே வழக்கம் என்று, எங்கள் வீட்டு ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டில் சித்தப்பா அறிவித்தார். அம்மா அகப்பையைக் கீழே வைத்தாள்.

"உயிரோடை இருக்கிற மனிசனைத் தோளிலை தூக்கிறதோ? வாயைக் கழுவும்!"

"அது படுத்திருக்கிற ஆளுக்கு, அண்ணி. நான் இருந்துகொண்டெல்லோ போறன்."

"கால் எந்தப் பக்கம் போகும்?"

"முன்னுக்குத்தான். கழட்டிப் பின்னுக்கு வைக்க ஏலுமே?"

அம்மா எழுந்து சாமிப்படத்துக்கு விளக்குக் கொளுத்தினாள். பந்து உருண்டையாக இல்லாத விளையாட்டை ஒருநாளும் வந்து பார்க்காத அப்பா, சோற்றைப் பிசைந்தார்.

ஒரு தோள் மச்சானுடையது என்பது முடிந்த காரியம். மற்றத் தோள் என்னுடையது என்றேன். சித்தப்பா எங்கள் இருவரையும் நிற்கவைத்துக் கண்ணால் அளந்தார்.

"நீ அவனிலும் ஒரு சாண் கூட, பிள்ளை. நான் சரிஞ்சு அவன்ரை பக்கம் விழுந்திடுவன்."

ஹெயிட்டிக்காரருக்கும் மச்சானுக்கும் தோள் சரிமட்டம். அந்த வாரம் முழுவதும் கூனிக்கொண்டே பள்ளிக்கூடம் போனேன், எப்படியாவது குறையுமென்று. ஆசிரியை அம்மாவைக் கூப்பிட்டு விசாரித்தாள்.

ஆட்டத்தில் படுதோல்வி. அதைப் பற்றிச் சொல்ல வேறொன்றுமில்லை. அதிசயம், அப்பா வந்திருந்தார், தொழிற்சாலை வேலை முடிந்த கையோடு. மூச்சு விட்டால் புகை வரும் குளிர். ஆட்டம் முடியப்போகிற நேரத்தில் அவர் ஜாக்கெட்டைக் கழற்றி அம்மாவிடம் கொடுத்துவிட்டு, சட்டைக் கைகளை முழங்கை வரை மடித்தார்.

"இஞ்சாருங்கோ, என்ன செய்யிறியள்? விறைக்கப்போகுது!"

யாரோ கார் ஹார்னை நீட்டி அடிக்க, ஆட்டம் முடிந்தது. நானும் ஓடினேன், அப்பாவும் வேகமாக எல்லைக் கோட்டைத் தாண்டி உள்ளே போனார். அதற்குள் மச்சானும் ஹெயிட்டிக்காரரும் குந்தி எழும்பிவிட்டார்கள். சித்தப்பா மேலே போய்விட்டார். "அண்ணை, நீங்களும் வந்தனீங்களோ!" என்று அங்கிருந்து சிரித்தார்.

"கவனமடா, பிடிச்சுக்கொள், கவனம்" என்றபடி, இரண்டு கைகளையும் ஏந்தியவாறு அப்பா கரை வரைக்கும் பக்கத்திலேயே நடந்துவந்தார். நான் அவரைச் சரியாகப் பார்க்கவில்லை. சித்தப்பாவின் கை மச்சானின் சுருட்டை முடியைப் பிடித்திருந்ததைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

காரில் வாய்விட்டு அழுதேன். அப்பா ஹீட்டரைக் கூட்டிவிட்டார். பிறகு, "தூக்கத் தெரியாதவங்கள்" என்றார். "அவன்ரை பாரம் எனக்குத் தெரியும்."

எனக்கு ஆறுதல் சொல்கிறார் என்று நினைத்தேன். எனக்கும் தெரியும், எங்கள் குளியலறைத் தராசில் பார்த்திருக்கிறேன், நூற்றியெழுபது இறாத்தல் என்றேன். அப்பா சிவப்பு விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். அது பச்சையாகி, பின்னால் நின்றவன் ஹார்ன் அடித்த பிறகும்.