ஆடி வாரத்துக்கு ஒரு தரகர்

படுக்க ஒரு கூரை சொந்தமாக இல்லாத காலத்தில், கொல்லிமலையில் ஒரு பங்களா வருஷத்துக்கு ஒரு வாரம் என்னுடையதாக இருந்தது. தொண்ணூற்றேழு, தொண்ணூற்றெட்டு வாக்கில் வாசலூர்பட்டிக்கு மேலே ஒரு கம்பெனி வரிசையாக ஓட்டுக் கட்டடங்கள் எழுப்பியது. நான் அங்கே டிராக்டரில் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தேன். வேலை முடியும் தறுவாயில் கம்பெனிக்குக் கை இறுகிவிட்டது. கூலி நின்றது. மேனேஜர் எங்களைக் கூப்பிட்டு, காசுக்குப் பதிலாக டைம்ஷேர் தருகிறோம், ஆளுக்கு ஒரு வாரம், ஒவ்வொரு வருஷமும் அந்த வாரம் வந்து தங்கலாம், வேண்டாமென்றால் விற்கலாம் என்றார். மற்றவர்கள் காறித் துப்பிவிட்டு இறங்கிப் போனார்கள். நான் வாங்கிக்கொண்டேன். ஆறாவது வரை படித்தவன். தடித்த காகிதத்தில் என் பெயரை அச்சடித்துப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

எனக்குக் கிடைத்தது ஆடி மாதத்து வாரம். கம்பெனி கட்டியதே தேனிலவுக்காரர்களை நம்பித்தான். ஆடியில் புதுப்பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துக்கொண்டு போய்விடுவார்கள், மாப்பிள்ளை தனியாக வந்து மலையைப் பார்க்கவா போகிறான்? அதனால் ஆடி வாரங்கள் விலை போகாமல் கிடந்தன. அதில் ஒன்றை என் தலையில் கட்டினார்கள்.

அதோடு போகவில்லை. தங்கினாலும் தங்காவிட்டாலும் வருஷா வருஷம் பராமரிப்புப் பணம் கட்ட வேண்டும் என்று பின்பக்கத்தில் சின்ன எழுத்தில் இருந்திருக்கிறது. எனக்கென்று விலாசம் இல்லாததால், அடிவாரத்தில் கட்டிக்கொடுத்திருந்த தங்கச்சி வீட்டு விலாசத்தைக் கொடுத்திருந்தேன். நோட்டீசெல்லாம் அங்கே போய் விழுந்தது. மச்சான் பயந்த சுபாவம். வீட்டை ஜப்தி பண்ண வருவார்கள் என்று யாரோ சொல்லிவிட, தபால்காரர் சைக்கிள் மணி அடித்தாலே கொல்லைப்பக்கம் போய்விடுவார். மாமியார் பயப்படவில்லை. அதற்குப் பதிலாகப் பேசினார்.

"உங்கண்ணனுக்கு மலை மேல பங்களா இருக்குது. பொங்கச் சீருக்கு ஒரு சேலை எடுத்துட்டு வரத்தான் வழியில்ல."

தங்கச்சி அதை என்னிடம் சொல்லவில்லை. நான் வாசலில் செருப்பைக் கழற்றும்போது காதில் விழட்டும் என்றுதான் அந்தம்மா சொன்னார்.

விற்றுத் தொலைக்க வேண்டும். அதையும் சீக்கிரம் செய்ய வேண்டும். ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டி ஒன்றில் எனக்கு இடம் பார்த்து வைத்திருந்தான் ஒரு சிநேகிதன். வண்டி ஆந்திராவில் நின்றது. உதிரிச் சாமான் ஏற்றிக்கொண்டு திருச்செங்கோட்டிலிருந்து ஒரு லாரி ஆடி முடிவதற்குள் புறப்படும், அதில் ஏறிக்கொள் என்றான். ஒரே இடத்தில் மூன்று மாதம் இருந்தால் எனக்குக் காலில் எறும்பு ஊறும். மலையில் அப்போது ஒரு வருஷத்துக்கு மேலாகியிருந்தது.

விற்க வேண்டுமென்றால் தரகர் வேண்டும். எனக்குத் தெரிந்த தரகர்கள் நாமக்கல்லில் பழைய லாரி விற்றுக் கொடுப்பவர்கள். அதில் ஒருவரைப் போய்ப் பார்த்தேன். ஒரு டயரின் மேல் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டே முழுக்கக் கேட்டார்.

"ஏனுங்க, வருசத்துல ஒரு வாரந்தான் ஓட்டலாம், மிச்ச நாளெல்லாம் சும்மா நிறுத்திவச்சு டாக்ஸ் கட்டோணும். அப்படி ஒரு லாரி உங்ககிட்ட இருக்குது. அதைத்தான் சொல்றீங்க?"

"லாரி இல்லீங்க, பங்களா."

"எதுவா இருந்தா என்னங்க. எனக்குத் தெரியாத சரக்குல நான் கை வெக்கறதில்ல. டீ சாப்பிட்டுப் போங்க."

அடுத்தது சேலம். பேப்பரில் விளம்பரம் பார்த்துப் போனேன். மாடியில் கண்ணாடிக் கதவு போட்ட ஆபீஸ். ஒரு பெண் ஜூஸ் கொண்டுவந்து வைத்தது. டை கட்டியிருந்தவர் காகிதத்தைத் தூக்கிப் பிடித்து, "தங்கம் சார் இது" என்றார். என்னை அதுவரை யாரும் சார் என்று கூப்பிட்டதில்லை. பெங்களூரில் ஆள் தயாராக இருக்கிறதாம். பதிவுக் கட்டணம் மட்டும் முன்னால் கட்டிவிட்டு, எழுதாத பத்திரத்தில் ஒரு கையெழுத்துப் போட்டால் போதும், மற்றதை அவரே பார்த்துக்கொள்வாராம்.

"வாங்கறவர் யாருங்க?"

"அதெல்லாம் வெளிய சொல்ல மாட்டோம் சார். பணம் வந்ததும் உங்களுக்கு போன் வரும்."

எனக்கு ஏது போன்? ஆனாலும் பையில் அந்தக் கட்டணம் இருந்திருந்தால் அன்றைக்கே கட்டியிருப்பேன். இல்லாததால் மலைக்குத் திரும்பி, சோளக்காட்டுச் சந்தைக்குப் போனேன். அங்கே பலாப்பழம் வாங்கிக் கீழே அனுப்பும் வியாபாரி ஒருவர் இருந்தார். எல்லோருக்கும் பாய். அவருக்கு நான் அவ்வப்போது லோடு ஏற்றிவந்தேன். ஏற்றுகூலியில் முன்பணம் கேட்டேன். எதற்கு என்றார். சொன்னேன்.

பாய் கையிலிருந்த பலாப்பழத்தைத் தட்டிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார்.

"விக்கிறவன் தரகனுக்கு முன்னாடியே காசு குடுக்கிறதா? தம்பி, சரக்கு கைமாறணும், அப்புறந்தான் தரகன் கை நீட்டணும். இந்தச் சந்தையில அப்படித்தான். உங்க சேலத்துல எப்படியோ."

"அவர் ஆள் தயாரா இருக்குதுன்னாருங்க."

"ஆளைக் காட்டினாரா?"

"இல்லீங்க."

"எந்த வாரம் உனக்கு?"

காகிதத்தை எடுத்துக் காட்டினேன். தேதியைப் பார்த்துவிட்டுப் பாய் சிரித்தார். பதினெட்டாம் பெருக்கு அந்த வாரத்துக்குள் விழுந்தது. அன்றைக்கு மலை தாங்காது. கோவிலுக்கும் அருவிக்கும் கீழ்நாட்டு ஜனமெல்லாம் ஏறிவரும், படுக்க இடமில்லாமல் பஸ்ஸிலும் லாரிக்கு அடியிலும் சுருண்டு கிடக்கும். போன ஆடியில் நானும்தான் அதைப் பார்த்தேன். அந்தக் கூட்டத்தையும் என் காகிதத்தையும் சேர்த்து நினைத்ததில்லை.

பாய்க்கு ஒரு விசைத்தறிக்காரரைத் தெரியும். குலசாமி மலைமேல் இருந்ததால் ஒவ்வொரு பெருக்குக்கும் குடும்பத்தோடு வருகிறவர். போன வருஷம் மழையில் அவர் பேரப்பிள்ளைகள் பாயின் பழக் கொட்டகையில்தான் தூங்கினார்களாம்.

"அவர்கிட்டச் சொல்றேன். வித்தா ரெண்டு பக்கமும் எனக்குத் தரகு. விக்கலைன்னா ஒண்ணும் வேணாம். சேலத்துக்குப் போறதா இருந்தா இப்பவே போயிடு, நடுவுல ஓடாத."

அந்தப் பேச்சில் சாரும் இல்லை, ஜூஸும் இல்லை. ஆனாலும் காகிதத்தை அவரிடம் கொடுத்தேன்.

பெருக்குக்கு விசைத்தறிக்காரர் வந்தார். என் வாரம் என்பதால் என்னிடமே சாவி இருந்தது. நானே திறந்து காட்டினேன். பிள்ளைகள் கட்டிலில் ஏறிக் குதித்தன. அவர் குழாயைத் திருகிப் பார்த்தார், ஜன்னல் கொக்கியைப் போட்டுப் பார்த்தார். பாயும் அவரும் வெளியே போய் மழைத்தூறலில் நின்று பேசினார்கள். பாக்கி நின்ற பராமரிப்புப் பணத்தை அவரே கட்டிவிட்டு மீதியை எனக்குத் தருவது என்று முடிந்தது. நான் பேனாவைத் திறந்தேன்.

விசைத்தறிக்காரர் சம்சாரம் உள்ளேயிருந்து வந்தார். "ஏனுங்க, ஆடியில போயிக் கையெழுத்தா? ஆவணி பொறக்கட்டும் சாமி. பங்களா எங்க ஓடிப்போகுது?"

பங்களா ஓடாது. நான்தான் ஓட வேண்டும். லாரி நாலைந்து நாளில் கிளம்புகிறது.

அன்றிரவெல்லாம் பங்களாவின் புது மெத்தையில் புரண்டுகொண்டே கிடந்தேன். காலையில் பாயிடம் போய், வெறும் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன், ஆவணியில் நீங்களே எழுதிக்கொள்ளுங்கள், பணத்தைத் தங்கச்சியிடம் கொடுத்துவிடுங்கள் என்றேன்.

"வேணாம்."

"உங்களை நம்பறேனுங்க பாய்."

"நீ நம்பற. நாளைக்கு உன் மச்சான் நம்பணும், அந்தத் தறிக்காரர் நம்பணும். வெத்துத்தாளை வாங்கி வெச்சுக்கிற தரகன் எவனா இருந்தாலும் அவன்கிட்டப் போகாத. அது நானா இருந்தாலும் சரி. ஆவணி ஒண்ணாந்தேதி நீ இங்க நிக்கணும்."

கோபம் வந்தது. சேலத்துக்காரர் வாங்கிக்கொள்கிறேன் என்ற கையெழுத்தை இவர் வேண்டாம் என்கிறார். மூட்டையைக் கட்டிக்கொண்டு காட்டுப்பாதையில் அடிவாரத்துப் புளியஞ்சோலைக்கு இறங்கினேன். மழையில் வழுக்கி இரண்டு இடத்தில் விழுந்தேன். தங்கச்சியிடம் சொல்லிக்கொண்டு அப்படியே திருச்செங்கோட்டுக்குப் பஸ் ஏறிவிடலாம் என்று இருந்தேன்.

தங்கச்சி சோறு போட்டது. மூட்டையைப் பார்த்தது.

"ஆவணிக்கு வருவியாண்ணா?"

"பார்க்கலாம் கண்ணு."

அது ரசத்தை ஊற்றியது. வெளியே சைக்கிள் மணி அடித்தது. மச்சான் சாப்பாட்டை விட்டு எழுந்து, ஈரக்கையோடு கொல்லைப்பக்கம் போனார். அது தபால்காரர் இல்லை, ஐஸ்காரர். நான் சிரித்துவிட்டேன். தங்கச்சி சிரிக்கவில்லை. பாதிச் சோற்றோடு கிடந்த அவர் தட்டை ஈ மொய்க்காமல் மூடிவைத்தது.

நான் திருச்செங்கோட்டுக்குப் போகவில்லை. லாரி என்றைக்குப் புறப்பட்டது என்றுகூடக் கேட்கவில்லை. மலைக்குத் திரும்பி ஆடி முடியும் வரை லோடு ஏற்றினேன். வேலை இல்லாத நாட்களில் மலையிலேயே குண்டூர் நாட்டுப் பக்கம் சும்மா நடந்து போய்விட்டுச் சும்மா திரும்பி வந்தேன். கூட லோடு ஏற்றியவர்கள், "பங்களாக்காரர் உலாத்தப் போறாருங்க, வழி விடுங்க" என்றார்கள். சந்தையில் பாய் என்னைப் பார்த்தால் தலையை மட்டும் ஆட்டுவார்.

ஆவணி ஒன்றாம் தேதி எல்லோரும் கம்பெனி ஆபீசுக்கு வந்தார்கள். விலாசம் மாறியது. இனி நோட்டீஸ் போக வேண்டிய இடம் விசைத்தறிக்காரர் வீடு. எல்லாம் முடிந்தபிறகுதான் பாய் கை நீட்டினார், முதலில் அவரிடம், பிறகு என்னிடம்.

அன்றைக்கே இறங்கினேன். வழியில் தங்கச்சிக்கு ஒரு சேலை எடுத்தேன். பொங்கலுக்கு இன்னும் மாதங்கள் இருந்தன, அப்போது நான் எங்கே இருப்பேனோ. மாமியார் சேலையை வாங்கிக் கரையைப் பிரித்துப் பார்த்தார்.

"பங்களா இருந்தப்ப சேலையில்ல. பங்களா போனதும் சேலை வருது. இனி இவன் எங்க போயிப் படுப்பானாமா?"

"அது அவனுக்குத் தெரியுமுங்க அத்தை" என்றது தங்கச்சி.

மச்சான் அன்றைக்கு வாசலிலேயே உட்கார்ந்திருந்தார். நான் செருப்பை மாட்டிக்கொண்டு, "வாரேனுங்க மச்சான்" என்றேன். பஸ் ஸ்டாண்டில் எந்த வண்டி முதலில் நின்றதோ அதில் ஏறினேன். பலகையை அப்புறம்தான் படித்தேன்.