மழைக்கு நின்ற ஆட்டத்துக்கு அரைப் பேர்

நாட்டின் முதல் தொழில்முறை உதைபந்தாட்ட லீக் தொடங்கிய வருடம், எங்கள் இறப்பர்த் தோட்டத்தில் அந்த விளையாட்டைக் கரைத்துக் குடித்தவன் நான் ஒருவன்தான் என்று நம்பிக்கொண்டிருந்தேன். என் தகுதி வாசிப்பு. தென் அமெரிக்க ஆட்டக்காரர்களின் வரலாறு, இத்தாலியர்களின் தற்காப்புத் தத்துவம், பெனால்டி உதையின் உளவியல் எல்லாம் படித்திருக்கிறேன். பந்தை உதைத்தது மட்டும் ஒரே தடவை, ஆசிரிய கலாசாலையில். பந்து நின்ற இடத்திலேயே நின்றது. என் செருப்பு கோலுக்குள் போனது.

எங்கள் தோட்டம் கலவானைக்குப் போகும் பாதையை விட்டு உள்ளே இறங்கியிருக்கிறது. நான் அங்கே தோட்டப் பாடசாலையில் தமிழ் கற்பிக்கிறேன். என் குவார்ட்டஸுக்குப் பக்கத்துக் குவார்ட்டஸில் கணக்கப்பிள்ளை இருக்கிறார். மலையில் இறப்பர்ப் பால் வெட்டுகிறவர்களிடம் வேலை வாங்குவது அவர் தொழில். ஒரு நாள் சம்பளத்துக்கான வேலையைத் தோட்டத்தில் ஒரு 'பேர்' என்போம். சொன்ன அளவு பால் கொண்டுவந்தால் முழுப் பேர், குறைந்தால் அரைப் பேர். அதைத் தீர்மானிப்பவர் கணக்கப்பிள்ளை. வீட்டிலும் அவருக்கு அதே அளவுகோல்தான். ஞாயிறு பூசையில் ஃபாதர் பிரசங்கத்தைச் சீக்கிரம் முடித்தால், "இன்னைக்கு அரைப் பேருதான்" என்று சொல்லிக்கொண்டே வெளியே வருவார்.

அவருடைய மகள் பிள்ளைக் காம்பராவில், அதாவது தாய்மார் மலைக்குப் போகும்போது குழந்தைகளை விட்டுச்செல்லும் இடத்தில், வேலை செய்கிறாள். எங்கள் இறப்பர் ஃபெக்டரியில் ஷீட் உருட்டிக்கொண்டிருந்த ஓர் இளைஞனுக்கும் அவளுக்கும் விருப்பம். அவன் பந்து விளையாடுவான். டவுன் கிளப்பில் ஆடியவனை லீக்கில் ஆடும் கொழும்பு அணி ஒன்று ஒப்பந்தம் போட்டு எடுத்துக்கொண்டது. பஜாரில் கடை வைத்திருக்கும் முஸ்லிம் நானா அன்றைக்கே ஒரு பேனர் அடித்துச் சந்தியில் கட்டினார். அதில் பையனின் முகம் தேங்காய் அளவில் இருந்தது, நானாவின் முகம் பலாப்பழம் அளவில்.

பையனின் தாய், பால் வெட்டுகிறவர், ஒரு பின்னேரம் என்னிடம் வந்தார்.

"சேர், நீங்க படிச்சவங்க. பொண்ணு விசயமா நீங்க போய் பேசுனா கணக்கப்புள்ள கேப்பாரு."

படித்தவன் என்று யாராவது சொன்னால் எனக்குப் புத்தி வேலை செய்யாது. உடனே சட்டையை மாற்றிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனேன்.

"பந்து உருட்டுறது ஒரு வேலையா சேர்?" என்றார் கணக்கப்பிள்ளை.

தொழில்முறை விளையாட்டு என்றால் என்ன என்று நான் விரிவாகப் பேசினேன். ஐரோப்பாவுக்கும் போனேன். காய்ச்சல் என்று சொல்லி லீவு கேட்பவர்களைப் பார்க்கும் முகத்தோடு அவர் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அப்ப, வேலைங்கிறீங்க."

"வேலையேதான்."

"வேலைன்னா பேர் விழணும். ஒரே ஒரு முழுப் பேர். தொடக்கத்துலருந்து முடிவு வரைக்கும் அவன் கிரவுண்டுல நிக்கிறத என் கண்ணால டீவியில பாக்கணும். சீசன் முடியிறதுக்குள்ள பாத்துட்டா, அடுத்த ஞாயிறே கோயில்ல கலியாண ஓலை வாசிக்கச் சொல்றேன். இல்லாட்டி எம்பிலிப்பிட்டியவுல பாத்து வச்சிருக்கிற மாப்பிள்ளைதான். அவருக்கு ஹார்ட்வெயார் கடை. மழை வந்தாலும் ஆணி நனையாது."

"ஒரு பேர் என்ன, பத்துப் பேர் விழும்!" என்று கை கொடுத்துவிட்டு வெற்றியோடு வெளியே வந்தேன்.

மறுநாள் அவர் மகள் என்னைப் பிள்ளைக் காம்பரா வாசலில் மறித்தாள். இடுப்பில் யாருடையதோ ஒரு குழந்தை.

"சேர், அவரு ரிசேவ் ஆளு. ஒங்களுக்குத் தெரியுமா?"

எனக்குத் தெரியாது.

"வெளயாடுற யாராச்சும் விழுந்தாத்தான் அவரு எறங்குவாரு. ஒங்கள யாரு முழுப் பேருக்கு ஒத்துக்கச் சொன்னது? பாதி ஆட்டம்னு பேசியிருக்கலாமே. மீன் வாங்கப் போனாலே நீங்க அவன் சொன்ன வெலையக் குடுத்துட்டு வருவீங்கன்னு அக்கா சொல்லியிருக்காங்க. அப்பவே நான் யோசிச்சிருக்கணும்."

அக்கா என்பது என் மனைவி. உதைபந்தாட்ட வரலாற்றில் மாற்று வீரர்களின் பங்கு நாம் நினைப்பதைவிடப் பெரிது என்று நான் விளக்கத் தொடங்கினேன். குழந்தை அழுதது. அவள் உள்ளே போய்விட்டாள்.

ஆட்டங்கள் தொடங்கின. அது முகக்கவச வருடம். மைதானத்துக்குள் பார்வையாளர்களை விடவில்லை. தொலைக்காட்சிதான் வழி, தோட்டத்திலேயே பெரிய தொலைக்காட்சி எங்கள் வீட்டில், மனைவி சீரியலுக்காகச் சீட்டுப் பிடித்து வாங்கியது. ஒரு வீட்டுக்குள் இத்தனை பேர்தான் இருக்கலாம் என்று சட்டம் இருந்தது. ஜன்னலுக்கு வெளியே எத்தனை பேர் என்று அது சொல்லவில்லை. ஆகவே பால் வெட்டும் பெண்கள் எல்லோரும் ஜன்னலுக்கு வெளியே நின்றார்கள். உள்ளே ஒரு கதிரையில் கணக்கப்பிள்ளை, காலடியில் குடை. நான் தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் நின்று விளக்கவுரை சொன்னேன்.

ஒப்சைட் விதியை விளக்க எனக்கு ஒரு முழு ஆட்டம் தேவைப்பட்டது. கடைசியில் என் மனைவி ஜன்னல் பக்கம் திரும்பி, "ஒண்ணுமில்ல, பஸ் வர்றதுக்கு முன்னாடியே ஓடிப்போய் சீட்டுல ஒக்காந்துக்கக் கூடாது, அவ்வளவுதான்" என்றாள். வெளியே எல்லோருக்கும் விளங்கியது. எனக்கு அதற்குப் பிறகுதான் குழப்பம் வந்தது.

நம் பையன் பெஞ்சில் இருந்தான். இருந்தான் என்று நாங்கள் நம்பினோம். பெஞ்சில் இருந்தவர்கள் அத்தனை பேரும் கண்ணுக்குக் கீழே முகக்கவசம் போட்டிருந்தார்கள். கமரா அந்தப் பக்கம் திரும்பும்போதெல்லாம் ஜன்னலில் கூச்சல்.

"அந்தா! அந்தா நம்ம புள்ள!"

"அது இல்லடி, மூணாவது ஆளு. காத பாரு."

"மூஞ்சியே தெரியல. அது யாரு பெத்த புள்ளையோ" என்பார் கணக்கப்பிள்ளை.

பையனின் தாய் மட்டும் ஒவ்வொரு தடவையும் வேறு ஆளைக் காட்டினார். அவருக்கு எல்லோருமே மகன் மாதிரித்தான் தெரிந்தார்கள்.

சீசன் பாதியைத் தாண்டிய பிறகு ஒரு நாள் அவனை இறக்கினார்கள். ஆட்டம் முடியக் கொஞ்ச நேரம்தான் இருந்தது. முகக்கவசத்தைக் கழற்றிக்கொண்டு இடது ஓரத்தில் ஓடி வந்தான். ஜன்னல் சட்டமே ஆடியது. பந்து அவன் காலுக்கு வருவதற்குள் நடுவர் விசில் ஊதிவிட்டார்.

"இதுக்குக் கால் பேர்கூட இல்ல" என்று கணக்கப்பிள்ளை குடையை எடுத்தார். "பொழுது சாய வந்து வாளியத் தூக்குனவனுக்கெல்லாம் பேர் போட முடியுமா?"

"வெளயாடத்தானே போற. இன்டைக்கு இல்லாட்டி நாளைக்கி" என்றார் ஜன்னலுக்கு வெளியே நின்ற நானா. பேனரில் போட்ட காசுக்கு நானாவும் கவலைப்பட வேண்டியிருந்தது.

வாரங்கள் போயின. எம்பிலிப்பிட்டிய மாப்பிள்ளை ஒருநாள் வந்து, தேநீர் குடித்து, கணக்கப்பிள்ளை வீட்டுக் கதவின் கீலைப் பார்த்து, இது தரமில்லாத கீல் என்று சொல்லிவிட்டுப் போனார். மகள் எங்கள் வீட்டுப் பக்கம் வருவதை நிறுத்திவிட்டாள். பாதையில் என்னைப் பார்த்தால் நின்று பார்ப்பாள், பேசமாட்டாள். அதைவிட அவள் திட்டியிருக்கலாம்.

கடைசி ஆட்டத்துக்கு முந்திய இரவு பையன் என் ஃபோனுக்கு அழைப்பு எடுத்தான். இடது ஓரத்தில் வழக்கமாக ஓடுகிறவனுக்குக் குதிகால் பிடித்துக்கொண்டதாம். "சேர், நாளைக்கு நான்தான் ஸ்டார்ட். ஆனா கால் நடுங்குது." பதற்றத்தின் உளவியல் பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். நடுக்கம் கூடிவிட்டது என்று சொல்லி வைத்துவிட்டான்.

மறுநாள் முதல் விசிலிலிருந்து அவன் மைதானத்தில் நின்றான். முகம் முழுதாகத் தெரிந்தது. கணக்கப்பிள்ளை கதிரையை முன்னுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டார். இடைவேளை வரை ஒரு குறையுமில்லை. பையன் ஓடினான், விழுந்தான், எழுந்தான். இடைவேளை முடிந்து ஆட்டம் தொடங்கியதும் கொழும்பில் மழை.

மழை என்றால் எங்கள் பக்கத்து மழை. அது கொழும்புக்கு எப்படிப் போனதென்று தெரியவில்லை. மைதானம் வயலானது. பந்து உருள மறுத்தது. நடுவர் கையை உயர்த்தி எல்லோரையும் உள்ளே கூட்டிப்போனார்.

"அரைப் பேர்" என்றார் கணக்கப்பிள்ளை.

 ஜன்னலுக்கு வெளியே ஒரு பெண் கேட்டார், "ஏங்க ஐயா? அவனா நிறுத்துனான்? மழைதானே நிறுத்துச்சு."

"மழைக்கு நின்னா அரைப் பேர். இந்தத் தோட்டத்து வழக்கம் அதுதான்."

"அந்த வழக்கமே நாயமில்லைன்னுதானே நாங்க எத்தன வருசமா சொல்றோம்!"

"மலைக்கு ஏறி, வெட்டத் தொடங்குன பொறகு மழை வந்தா எங்க குத்தமா? முழுப் பேர் போடுங்க!"

"அந்தப் புள்ளைக்கும் போடுங்க, எங்களுக்கும் போடுங்க!"

அந்த நிமிடத்தில்தான் கணக்கப்பிள்ளையின் முகத்தில் உண்மையான பயத்தைப் பார்த்தேன். எனக்கும் விஷயம் அப்போதுதான் உறைத்தது. மழைக்கு நின்ற ஆட்டத்துக்கு அவர் முழுப் பேர் கொடுத்தால், நாளைக் காலை மலையில் அத்தனை பேரும் அதையே கேட்பார்கள். நாட்டிலேயே அதிகம் மழை பெய்கிற பக்கம் எங்களுடையது. தோட்டத்தை நடத்தும் தொரை அவரைச் சும்மா விடமாட்டார். ஒரு பெண்ணின் கலியாணம் தொழிற்சங்கப் பிரச்சினையாகிவிட்டது. நடுவில் நான், தொலைக்காட்சிக்குப் பக்கத்தில், கையை எங்கே வைப்பதென்று தெரியாமல்.

"அண்ணே, நம்ம வீட்டு விசயம். ஒருதடவ விட்டுக்குடுங்க" என்றாள் என் மனைவி.

"முடியாது தங்கச்சி." அவர் ஜன்னலைப் பார்த்தார். "என் மகளுக்காக ஒரு சட்டம், இவங்களுக்கு ஒரு சட்டம்னு நான் எப்படி நாளைக்கு மலையில நிப்பேன்?"

 மழைச் சத்தம் தொலைக்காட்சியில் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு திரையில் அறிவித்தார்கள்: மீதி ஆட்டம் நாளைக் காலை ஒன்பது மணிக்கு, விட்ட இடத்திலிருந்து.

ஜன்னல் ஆரவாரித்தது. நானும் ஆரவாரித்தேன். கணக்கப்பிள்ளை எழுந்து குடையை இடுக்கிக்கொண்டார்.

"காலையில ஒம்பது மணிக்கு நான் மலையில. வேலை நேரத்துல நான் டீவி பாத்த சரித்திரம் கெடையாது. கண்ணால பாக்காம பேர் போட்ட சரித்திரமும் கெடையாது." போய்விட்டார்.



மறுநாள் நான் பாடசாலைக்கு லீவு போட்டேன். காரணம் காய்ச்சல். ஆட்டம் தொடங்கிச் சற்று நேரத்தில் ஜன்னலில் ஒரு தொப்பி தெரிந்தது. கணக்கப்பிள்ளை. அட்டை கடிக்காமலிருக்க முழங்கால் வரை கட்டிய துணி, பூட்ஸில் செம்மண்.

"என்னாங்க சேர், ஒங்க வீட்டுப் பின்னால கான் அடைச்சிருக்குன்னு சொன்னாங்க. பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

கான் என்பது கழிவுநீர் வாய்க்கால். அது வீட்டின் பின்பக்கம் இருந்தது. அவர் முன்பக்கம் நின்றார்.

"உள்ள வாங்களேன்."

"வேலையில இருக்கேன்" என்றார், கண்ணைத் திரையிலிருந்து எடுக்காமல்.

நான் கானைப் பற்றிப் பேசினேன். அது எவ்வளவு காலமாக அடைத்திருக்கிறது, எவ்வளவு தண்ணீர் தேங்குகிறது என்றெல்லாம். அவர் தலையாட்டினார். என் வாழ்க்கையில் நான் செய்த ஒரே உருப்படியான விளக்கவுரை அதுதான்.

திரையில் நம் பையனுக்கு ஒரு கோர்னர் கிடைத்தது. எங்கள் தோட்டத்து மைதானம் ஒரு பக்கம் சரிந்தது. அங்கே கோர்னர் எடுப்பவன் சரிவுக்கு எதிராக, மேட்டுப் பக்கமாக ஏற்றி உதைக்க வேண்டும், பந்து விழுந்து, சரிவில் தானாக உருண்டு கோலுக்கு முன்னால் வரும். அவன் பிறந்ததிலிருந்து உதைத்த உதை அது. கொழும்பு மைதானம் சமதரை. பந்து கோலைத் தாண்டி, எல்லோர் தலையையும் தாண்டி, மறுபக்கக் கோட்டுக்கு வெளியே விழுந்தது. வர்ணனையாளர் சிரித்தார்.

"இவனுக்கு என்ன தெரியும்!" கணக்கப்பிள்ளை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினார். "நம்ம கிரவுண்டா இருந்தா அது கோலு!"

என் மனைவி குசினியிலிருந்து எட்டிப் பார்த்தாள். நான் கானைப் பற்றிப் பேசுவதை நிறுத்தவில்லை.

கடைசி விசில் ஊதியபோது பையனின் அணி தோற்றிருந்தது. அவன் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, மைதானத்தின் இடது ஓரத்திலேயே, மூச்சு வாங்கிக்கொண்டு நின்றான். கணக்கப்பிள்ளை தொப்பியைக் கழற்றித் துடைத்தார்.

"வேலை சுத்தமில்ல" என்றார். "ஆனா கடைசி வரைக்கும் நின்னான். முழுப் பேர்."

"அப்ப ஃபாதர்கிட்ட…"

"ஓலைக்கு நானே சொல்லிக்கிறேன். நீங்க பேச வேணாம்." இரண்டடி போய்த் திரும்பி வந்தார். குரலைத் தாழ்த்தினார். "சேர், அந்தப் பையன் கருவாடு சாப்பிடுவானா? எங்க வீட்டுல வாரத்துல மூணு நாளைக்கு அதுதான். கொழும்புல இருந்துட்டு வர்ற ஆளு. வந்த பொறகு மூஞ்சியச் சுழிச்சா நல்லா இருக்காது."

கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

"இப்பவே கேளுங்க" என்றார் கணக்கப்பிள்ளை, வேலை நேரத்தில், பூட்ஸோடு, என் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி.